மேளம் அல்ல, தாளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நவீன மேற்கத்திய இசைக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் உட்கார்ந்ததே பெரிய விஷயம். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் இரண்டு நாளாகத் தொந்தரவு செய்கிறது. ‘ஹராவி’ என்ற பாடல் தொடரில் அவர் கையாளும் மோடுகள் (சுர வரிசைகள்) நம் 72 மேளகர்த்தா எனும் தாய் ராகங்களின் பிரெஞ்சு வடிவம் என்கிறார் கட்டுரையாளர். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் விஷயம் நேர் எதிர்.

நான் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுரையைப் படித்த அன்று சாயங்காலமே ஒரு மாணவியைக் கூப்பிட்டு, கீபோர்டின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொன்னேன். மெசியானின் இரண்டாவது மோடு: ஒன்றாம் கட்டையில் (C கீ) தொடங்கி அரைச்சுரம் (அடுத்த கீ), முழுச்சுரம் (ஒரு கீ தள்ளி), அரை, முழு என்று மாறி மாறிப் படியேற வேண்டும். எட்டுச் சுரம், எட்டுப் பொட்டு. அப்புறம் அதையே ஒன்றரைக் கட்டையில் வாசித்தால் வேறு கீகள், இரண்டில் வாசித்தால் இன்னும் வேறு. இரண்டரைக் கட்டைக்குப் போனதும் அவள் சிரித்துவிட்டாள். பொட்டு ஒட்டிய அதே எட்டுக் கீகள்! ஆக மூன்றே மூன்று இடங்கள்தான், நான்காவது கிடையாது. சங்கராபரணத்தை இப்படி நகர்த்தினால் 12 இடத்திலும் 12 வெவ்வேறு கூட்டம் வரும்.

72 மேளங்களில் ஒன்றுகூட இப்படித் திரும்பி வராது. காரணம் எளிய கணக்கு. 12 அரைச்சுரங்களைச் சம பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்கிலும் ஒரே மாதிரி சுரங்களை வைத்தால்தான் இந்த வித்தை நடக்கும். அவருடைய ஏழு மோடுகளில் 6, 8, 9, 10 சுரங்கள் இருக்கின்றன. மேளத்தின் ஏழு சுரத்தை அப்படிப் பங்கு போட வழியே இல்லை.

நம்மவர்களுக்குக் கிரகபேதம் என்றால் எளிதில் புரியும். மோகனத்தில் சட்ஜத்தை இடம் மாற்றினால் மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று புதுப்புது ராகங்கள் கிளம்புகின்றன. முழுச்சுரப் படிகள் மட்டுமே உள்ள கோப்ரியா ராகத்தில் செய்து பாருங்கள், எந்தச் சுரத்தை சட்ஜமாக்கினாலும் கோப்ரியாவேதான் வரும். அதுதான் மெசியானின் முதல் மோடு. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியும் தன் ஆசிரியர் டுகாஸும் அதை அருமையாகக் கையாண்டுவிட்டார்கள் என்று சொல்லி அவர் அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். புது இடத்துக்கு நகர முடியாத இந்த ‘முடியாமை’யில்தான் அழகு என்பது அவருடைய கட்சி.

ஹராவிக்கு வருகிறேன். 1945இல் சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண்) குரலுக்கும் பியானோவுக்கும் எழுதியது. வரிகளும் அவருடையவையே, நடுநடுவே பெருவின் பழங்குடி மொழியான கெச்சுவாவின் சொற்கள் வரும். ஹராவி என்றால் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் காதலர் சாவில் முடியும் காதல் பாட்டு. (நான்காவது பாட்டில் வரும் ‘தூந்தூ சில்’ ஆட்டக்காரர்களின் சலங்கைச் சத்தம். பொருள் தேட வேண்டாம், ஜதி மாதிரி கேட்டால் போதும்.) பெருவின் நாட்டார் மெட்டுகளை இசை ஆய்வாளர்களான தார்கூர் தம்பதியர் 1925இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்து, தன் போக்குக்கு வளைத்துக்கொண்டார்.

கீபோர்டில் பார்த்த அந்த இரண்டாவது மோட்டுக்குள் நான்கு சுரங்கள் சட்ஜ உரிமையோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, இரண்டரை, நாலரை, ஆறு ஆகிய நான்கு கட்டைகளுக்கும் அந்தரகாந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம் எல்லாம் அதே எட்டுச் சுரத்துக்குள் கிடைக்கும். நம் கச்சேரியில் தம்பூரா முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடும். இங்கே தம்பூரா இல்லை. எது வீடு, அதாவது சட்ஜம், என்பதை இசையமைப்பாளர் ஒவ்வொரு முறையும் நிலைநாட்ட வேண்டும், வேண்டுமென்றால் பறிக்கவும் செய்யலாம்.

ஹராவியில் இதைக் காதால் கேட்கலாம். ‘வணக்கம், பச்சைப் புறாவே’ என்று தொடங்கும் இரண்டாவது பாட்டில் ஒரு மெட்டு மேஜர் கோர்டின் (சட்ஜம், அந்தரகாந்தாரம், பஞ்சமம் சேர்ந்து ஒலிப்பது) மேல் நிம்மதியாக உட்காருகிறது. கோர்டோடு தைவதமும் சேர்ந்திருப்பதால் ஒரு குழைவு. அதே மெட்டு ஏழாவதில் பிரியாவிடையாகவும், பன்னிரண்டாவதில் இருட்டிலும் திரும்பி வருகிறது. நடுவில் பியானோ அடுக்கும் கோர்டுகளில் சட்ஜத்தைத் தேடி அலைந்துவிட்டு அந்த மெட்டைக் கேட்டால் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். பத்தாவது பாட்டுக்கு நாலரைக் கட்டை மேஜர். பிறகு வந்த அவருடைய துரங்கலீலா சிம்பொனியின் ஆறாம் பகுதியிலும் காதலுக்கு அதே நாலரைதான். மேளகர்த்தா என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், வீடு தொலைவதும் கிடைப்பதுமான இந்த நாடகம் கேட்காமலே போய்விடும்.

மெசியான் நம்மிடம் வாங்கவே இல்லையா என்றால், வாங்கினார், ஆனால் தாளத்தை. சாரங்கதேவரின் பழைய இசை நூலான சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களின் பட்டியல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவர் கண்ணில் பட்டது. அதிலும் அவருக்குப் பிடித்துப்போன ஒன்றின் பெயர் ராகவர்தனம். 1944இல் தன் இசைமொழி பற்றி எழுதிய நூலில் அதை விரிவாக அலசுகிறார். பெயரில் ராகம் இருந்தாலும் அது தாளம். கட்டுரையாளரை ஏமாற்றியது இந்தப் பெயராகக்கூட இருக்கலாம்!

இன்னொன்று. ஹராவியில் பத்துப் பாடல்கள் என்று அச்சாகியிருக்கிறது. பன்னிரண்டு. பத்தோடு நிறுத்திவிட்டால் அந்த மெட்டு மூன்றாம் முறை வருவதை வாசகர்கள் கேட்காமலே விட்டுவிடுவார்கள். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கீபோர்டு ஆசிரியை,
திருச்சி