கிளையன்டுக்குக் கலோரிக் கணக்குப் போடும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஜிம்களில் பயிற்சி தரும் மாஸ்டர்களுக்கும், வாட்ஸ்ஆப்பில் டயட் சார்ட் அனுப்பும் ஆன்லைன் கோச்சுகளுக்கும் வணக்கம்.

எடை குறைக்க வருகிறவர் பெண் என்றால் 1,200 கலோரி, ஆண் என்றால் 1,500. காலையில் ஓட்ஸ், மதியம் கிரில் சிக்கனும் பிராக்கலியும். மேலே பெயரை மட்டும் மாற்றி ஒரே பி.டி.எஃப். எல்லாருக்கும் போகிறது. காசு கொடுத்து உங்களை நம்பி வருகிறவருக்கு இது போதாது. ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உதாரணத்துக்கு, 34 வயதுப் பெண், உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ, உட்கார்ந்தே பார்க்கிற வேலை, வாரம் மூன்று நாள் ஜிம். மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதைப் போல் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழித்தால் 1,377 வரும். (ஆணுக்கு 161-ஐக் கழிக்காமல் 5 கூட்ட வேண்டும்.) சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கிற கலோரி இது. இதை, குறைவாக உடல் அசைகிறவர்களுக்கான பெருக்கெண் 1.375-ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு சுமார் 1,890. மூன்று நாள் ஜிம்முக்கு வருகிறாரே என்று 1.55 போட்டால் 2,130 ஆகிவிடும். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஜிம்மில் கழிவது மூன்றோ நாலோதான். அதனால் குறைந்த எண்ணையே எடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிற கலோரியையும் இதற்கு மேல் கூட்டாதீர்கள்.

1,890-இல் 15 முதல் 20 சதவீதம் குறைத்தால் இலக்கு சுமார் 1,550. அதே பெண்ணுக்கு 1,200 எழுதினால் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுகிறீர்கள். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். பிறகு சனிக்கிழமை ராத்திரி பசி தாங்காமல் சாப்பிடுவார், கொழுப்போடு தசையும் கரையும், சில மாதத்தில் முடி கொட்டும், மாதவிடாய் தள்ளிப்போகவும் கூடும். மன உறுதி இல்லை என்று அவரையே குறை சொல்வது அநியாயம்.

புரதத்தை அவர் எட்ட வேண்டிய எடைக்குக் கணக்கிடுங்கள். 60 கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 96 கிராம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கிலோவுக்குச் சொல்லும் 0.83 கிராம் சாதாரண ஆரோக்கியத்துக்கான அளவு. எடை குறையும்போது தசையைக் காக்க அது பற்றாது. கொழுப்பு 50 கிராம். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 கலோரி என்று 1,550-இலிருந்து கழித்தால் மாவுச்சத்துக்கு சுமார் 180 கிராம் மிஞ்சும். சோறும் இட்லியும் தாராளமாக அடங்கும். ஆனால் நாலு இட்லி, சாம்பார் என்ற காலை உணவில் புரதம் 10 கிராம் அளவுக்குத்தான் தேறும். நாள் முழுக்க 45 கிராம் சாப்பிட்டுப் பழகியவரிடம் நாளையிலிருந்து 96 என்றால் நடக்காது. முதலில் 65, இரண்டு வாரம் கழித்து 80, அப்புறம் 96. இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும்; சைவம் என்றால் 30 கிராம் காய்ந்த மீல் மேக்கரில் 15 கிராம்.

கணக்கு பெரும்பாலும் தோற்பது வீட்டு அடுப்படியில்தான். குழம்பு ஒரே சட்டியில் நாலு பேருக்கு வேகிறது. ஆப்பில் ‘சாம்பார் ஒரு கப்’ என்று தேடினால் யார் வீட்டுச் சாம்பாரோ வரும். வீட்டில் எத்தனை கிராம் பருப்பு போடுகிறார்கள் என்று கேளுங்கள். 150 கிராம் துவரம்பருப்பில் சுமார் 32 கிராம் புரதம். நாலு பேர் சமமாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 8. மேலாகத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்கிறவருக்கு அதுவும் கிடைக்காது.

சோற்றில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. 300 கிராம் அரிசி வெந்து 900 கிராம் ஆகிறதென்றால், தட்டில் விழும் 225 கிராம் சோறு 75 கிராம் அரிசிக்குச் சமம். சுமார் 265 கலோரி. அதையே ஆப்பில் பச்சை அரிசி எடையாகப் பதிந்தால் 800 காட்டும். பயந்துபோய் சோற்றையே விட்டுவிடுவார். எடை அரிசியிலா சோற்றிலா என்று சார்ட்டில் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.

எண்ணெயை யாரும் சரியாகச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது, ஊற்றுவது இன்னொருவர். அதற்கு ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பாட்டிலில் மார்க்கரால் கோடு போடச் சொல்லி, அடுத்த ஞாயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் ஒரு லிட்டர் போனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 36 மில்லி, அதாவது ஏறக்குறைய 295 கலோரி. பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கழித்துக்கொள்ளலாம். 50 கிராம் கொழுப்பில் 33 கிராம் தாளிப்பிலும் தோசைக்கல்லிலுமே தீர்ந்துவிடுவது அப்போதுதான் தெரியும். தட்டில் இருப்பதை வெட்டுவதற்கு முன் இதைப் பாதியாக்குங்கள்.

நாள் ஒன்றுக்கு 340 கலோரி பற்றாக்குறை என்றால் வாரத்தில் 300 கிராம் கொழுப்பு குறையலாம். முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கினால் பெரும்பகுதி தண்ணீர். அதை ஸ்டேட்டஸில் போட்டுக் கொண்டாட வேண்டாம். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எடுங்கள். மாதவிடாய்க்கு முன்பு நீர் கோத்து எடை கூடுவதால், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று, நாலு வாரமாகச் சராசரி அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய், வார இறுதி, டீயில் போடும் சர்க்கரை இவற்றைத் திரும்ப விசாரியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 100 முதல் 150 கலோரி குறைக்கலாம், மாவுச்சத்திலோ கொழுப்பிலோ. புரதத்தில் கை வைக்க வேண்டாம்.

சிலருக்கு நாம் எண்ணே எழுதக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், பட்டினி கிடப்பதும் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதுமாக இருந்தவர்கள். இவர்களை மருத்துவரிடமோ படித்துத் தேர்ந்த உணவியல் நிபுணரிடமோ அனுப்புங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு மருந்தளவை மாற்றாமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம். ஆகவே சேர்க்கைப் படிவத்தில், எடைக்கும் உயரத்துக்கும் முன்னால், என்னென்ன மருந்து எடுக்கிறார் என்ற கேள்வியை வையுங்கள்.