ஜொகூர் ஆற்றுக் கயாக் பயணத்தில் கரையேற வழியில்லாதது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பௌர்ணமிக்கு மறுநாளான சென்ற சனிக்கிழமை, தங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்த ஜொகூர் ஆற்றுக் கயாக் பயணத்தில் நானும் என் கணவரும் மகளும் 61 வயதான என் அம்மாவும் கலந்துகொண்டோம். நால்வருக்கும் சேர்த்து 580 வெள்ளி செலுத்தினோம். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் விசாரித்தேன். இரண்டு துறைகளிலும் சரிவுப் பாதை உண்டு, காலில் சேறுபடாமல் ஏறி இறங்கலாம் என்று தங்கள் ஊழியர் உறுதியளித்தார்.

நண்பகலில் நீர் நிறைந்திருந்த துறையில் எளிதாகவே ஏறினோம். வழிகாட்டியாக வந்த இளைஞர் மிகவும் பொறுமையானவர். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தை நெருங்கி, இறங்கவேண்டிய துறையை அடைந்தபோது, ஆறு வற்றிப் பின்வாங்கியிருந்தது. சிமெண்ட் சரிவு முடிந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நாற்பது அடிக்குக் குறையாத சேறு. இருபுறமும் சதுப்புநிலக் காடு என்பதால் வேறெங்கும் ஒதுங்கவும் வழியில்லை. முழங்கால்வரை புதைந்த அம்மாவை என் கணவரும் வழிகாட்டியும் தூக்கிக் கரைசேர்த்தபோது இருட்டிவிட்டது. வலியால் அன்றிரவு அவர் உறங்கவேயில்லை.

"இயற்கைச் சூழல் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று தாங்கள் அனுப்பிய பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. திடீர் மழையாக இருந்திருந்தால் நானே பொறுத்துக்கொண்டிருப்பேன். கடல்நீர் ஏறி இறங்குவதால் ஆற்றிலும் உண்டாகும் ஏற்றவற்றம் அப்படிப்பட்டதன்று, அதன் நேரமும் உயரமும் ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணித்து வெளியிடப்படுகின்றன. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும் என்பது கடலோரத்தில் வாழும் எவருக்கும் தெரியும். சமவெளியில் ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றில் படகுவிடும் நிறுவனம், புறப்படும் நேரத்தைப் பார்த்ததுபோல் கரையேறும் நேரத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, அம்மாவுக்குரிய 145 வெள்ளியை முழுமையாகவும் எங்கள் மூவரின் கட்டணத்தில் பாதியையும் 14 நாள்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனிவரும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறும் துறை, இறங்கும் துறை, அந்தந்த வேளையின் நீர்மட்டம் ஆகியவற்றை முன்பதிவுப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். தக்க பதில் கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடுவேன். பணம் செலுத்திய ரசீதையும் அன்று எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்