வாசிப்பு மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை: சிறுவர் மாயக்கதைகளில் கிறிஸ்தவச் சிந்தனையும் அன்பின் ஆற்றலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பி வைத்த பெற்றோர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான மன்றப் பணிகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன். சிறுவர்களுக்காக எழுதப்பட்ட மாயக்கதைகளில் கிறிஸ்தவச் சிந்தனை எப்படி இழையோடுகிறது, அவற்றில் அன்பு எவ்வாறு ஓர் ஆற்றலாக நின்று செயல்படுகிறது என்பதை ஆண்டு முழுவதும் வாசித்துப் பேசுவதென்று சென்ற பேரவையில் தீர்மானித்தோம். அத்தீர்மானத்தின்படியே ஆண்டை நிறைவு செய்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளோடு இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து கேட்டார்கள். சந்தா, நூலகச் செலவு, நன்கொடை ஆகியவற்றைப் பொருளாளர் தம் அறிக்கையில் படிப்பார் என்பதால் அவற்றை நான் எடுத்துரைக்கவில்லை.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருவதால் பெரும்பாலான அமர்வுகளை அப்போதே நடத்தினோம். கரையேற்றி வைத்த படகுகளுக்கு அருகில், வலை சரிபார்க்கும் ஓலைக்கொட்டகையில், ஓய்வுபெற்ற ஆசிரியையான நம் உறுப்பினர் ஆங்கில நூலைக் கையில் வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகத் தமிழில் சொல்ல, பிள்ளைகள் கேட்டார்கள். வலையில் கை ஓட்டிக்கொண்டிருந்த தகப்பன்மார்களும் தலை நிமிராமலே கேட்டார்கள்.

ஆண்டின் பெரும்பகுதியை சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளுக்கே கொடுத்தோம். 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக வந்த இவ்வரிசையின் முதல் நூலில், போர்க்காலக் குண்டுவீச்சுக்குத் தப்பி லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள் ஒரு துணி அலமாரி வழியாக வேறோர் உலகத்துக்குள் போகிறார்கள். அங்கே வெள்ளைச் சூனியக்காரியின் ஆட்சி நடக்கிறது. எப்போதும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்துமஸ் மட்டும் வருவதே இல்லை. பனியைக் கண்ணால் பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு இது எப்படிப் புரியும் என்ற கவலை எங்களுக்கு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த முதிய உறுப்பினர் ஒருவர், 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், அங்கிருந்து வெளியேறிய தம் குடும்பத்துக்கு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தும் வராமல் போனதையும் சொன்னார். அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

நால்வரில் மூன்றாவது பிள்ளையான எட்மண்ட், சூனியக்காரி கொடுத்த ஓர் இனிப்புக்காக உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கத் துணிகிறான். அந்நூல் வெளிவந்தபோது இங்கிலாந்தில் மிட்டாய்க்குப் பங்கீட்டு அட்டை இருந்தது. 1953இல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஆகவே அன்றைய பிள்ளைகளுக்கு எட்மண்டின் ஆசை வெறும் கதையாகத் தோன்றியிருக்காது. துரோகம் செய்தவன் சூனியக்காரிக்கு உரியவன் என்பது அந்த உலகம் தோன்றியபோதே கல்மேசையில் பொறிக்கப்பட்ட சட்டம். அந்த உலகத்தின் உண்மையான தலைவரும் சிங்கமுமாகிய அஸ்லான் அந்தச் சட்டத்தை மீறவும் இல்லை, மழுப்பவும் இல்லை. சிறுவனுக்குப் பதிலாகத் தன்னையே ஒப்புக்கொடுக்கிறார். அன்றிரவு துயரத்தோடு நடந்து போகும்போது, தம் பிடரியில் கை வைத்துக்கொண்டு கூட வரும்படி நால்வரில் சிறுமிகளான சூசனையும் லூசியையும் கேட்கிறார். கல்மேசையருகே பிடரி மழிக்கப்பட்டு, வாய் கட்டப்பட்டு, ஏளனம் செய்யப்பட்டு இறக்கிறார். இயேசு துயரத்தோடு மன்றாடிய கெத்சமனித் தோட்டமும், அவர் சிலுவையில் அறையுண்ட கல்வாரியும், அவருடைய கல்லறைக்குப் போன பெண்களும் இதில் இருப்பதை விவிலியம் அறிந்தவர் எவரும் காண்பார்.

சிறுமிகள் இருவரும் இறந்த சிங்கத்தின் கட்டுகளை அவிழ்க்க முயன்று முடியாமல் விடும் இடம் வந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன், "கயிறு நனைஞ்சா முடிச்சு இறுகிப்போகும் டீச்சர், கையால அவுக்க முடியாது, அறுக்கத்தான் வேணும்" என்றான். அடுத்த பக்கத்திலேயே எலிகள் வந்து கயிற்றைக் கடித்து அறுக்கின்றன. தான் சொன்னது நடந்துவிட்ட பெருமையில் அவன் பக்கத்திலிருந்தவனின் தோளைத் தட்டினான். விடியற்காலையில் கல்மேசை இரண்டாகப் பிளக்க அஸ்லான் உயிரோடு நின்றபோது, அதுவரை வலையில் ஊசி ஓட்டிக்கொண்டிருந்த கைகளும் நின்றிருந்தன.

இந்த இடத்தைவிடவும் என் மனத்தைத் தொட்ட இடம் இதற்கு முன்னால் வருவது. பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பதற்காக அதை விரிவாகக் குறிப்பிடுகிறேன். சூனியக்காரியிடமிருந்து மீட்கப்பட்டு வந்த எட்மண்டை அஸ்லான் தனியே அழைத்துக்கொண்டு காலைப்பனியில் நடக்கிறார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கதையாசிரியர் சொல்லவில்லை. மற்ற மூவரிடமும் அவனைக் கொண்டுவந்து, நடந்து முடிந்ததைப் பற்றி அவனிடம் பேசவேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறார். பிள்ளை தவறு செய்தால் தெரு கேட்கத் திட்டுவதும், பத்து நாள் கழித்து விருந்தாளி முன்னால் அதையே எடுத்துச் சொல்வதும் நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. மன்னிப்பு என்பதை இக்கதை காட்டுவதுபோல நம் பிள்ளைகள் வேறெங்கும் கண்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்காக உயிர் கொடுக்கப் போகிறவர், அதை அவனிடம் சொல்லிக்காட்டவும் இல்லை.

மாயமும் சூனியமும் வரும் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று பெற்றோர் சிலர் மே மாதக் கூட்டத்தில் கேட்டார்கள். விவிலியம் மாந்திரீகத்தைக் கண்டிக்கிறது என்பதால் அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. அதைக் கூட்டம் பொறுமையோடு கேட்டது. நம் நடுவில் பலமுறை பேசியபின் நாங்கள் கண்டது இதுதான்: இக்கதைகளில் மாய ஆற்றலைத் தேடி அலைகிறவர்கள், பிறரை அடக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் தோற்கிறார்கள், எதையும் பிடுங்கிக்கொள்ளாமல் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறவரே வெல்கிறார். "அன்பிலார் எல்லாம் தமக்குரியர் அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" என்ற குறளை அன்று ஒரு தாயார் எடுத்துச் சொன்னது கூட்டத்தின் போக்கையே மாற்றியது. இருந்தும் தம் பிள்ளை இக்கதைகளைக் கேட்க வேண்டாம் என்று விரும்பிய இரு குடும்பத்தினரின் விருப்பத்தை மதித்தோம். அப்பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் வேறு நூல்களை வாசித்தார்கள்.

மற்ற சமயத்துப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இது மறைமுகப் பிரசங்கமாகிவிடாதா என்ற கேள்வியும் எழுந்தது. கதையைக் கதையாகவே சொல்வது, நடுவில் நிறுத்தி மறையுரை செய்யாதிருப்பது, விவிலியத்தோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குவது என்று முடிவு செய்தோம். லூயிஸ் தமக்குக் கடிதம் எழுதிய சிறுவர்களுக்குச் சொன்ன பதிலும் இதற்குத் துணையாக இருந்தது. கிறிஸ்தவப் போதனைகளுக்கு வேடம் கட்டும் நோக்கத்தோடு தாம் உட்காரவில்லை என்றும், நார்னியா போன்றோர் உலகம் இருந்து அதற்குள் இறைமகன் சிங்க உருவில் வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்ததாகவும் அவர் விளக்கினார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் அளித்த இரட்சணிய யாத்திரிகம் என்னும் கிறிஸ்தவக் காவியம் வேறு வகையானது. அங்கே ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பண்பைச் சுட்டும் உருவகமாகவே நிற்கும். இரண்டும் தத்தம் வழியில் சிறந்தவை. ஆனால் சிறு பிள்ளைகளிடம் முதலில் போய்ச் சேர்வது லூயிஸின் வழிதான் என்பது என் கருத்து.

அவ்வரிசையில் நமக்கு இடறலாக இருந்த ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். 1954இல் வந்த நூலிலும் 1956இல் வந்த கடைசி நூலிலும் பகை நாட்டவராக வரும் கலோர்மென் மக்களை லூயிஸ் கருத்த நிறத்தவராக, தலைப்பாகை கட்டியவராக, வளைந்த வாள் ஏந்தியவராகச் சித்திரித்திருக்கிறார். கீழை நாட்டவரையும் முஸ்லிம்களையும் இழிவுபடுத்தும் சித்திரிப்பு என்று அதைப் பலர் கண்டித்திருக்கிறார்கள், அக்கண்டனம் நியாயமானது. முஸ்லிம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் நம் கொட்டகையில் அந்தப் பகுதிகளை அப்படியே சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பெரியவர்கள் மட்டும் கூடிய அமர்வில் அவற்றை வாசித்துப் பேசினோம். அதே கடைசி நூலில், வேறு தெய்வத்தை வாழ்நாளெல்லாம் உண்மையோடு தேடிய எமெத் என்னும் கலோர்மென் வீரனை, அவன் செய்த நற்செயல்கள் யாவும் தமக்கே செய்யப்பட்டவை என்று சொல்லி அஸ்லான் ஏற்றுக்கொள்கிறார். கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினர், முன்னதை மறக்கவும் முடியாது, பின்னதை மறுக்கவும் முடியாது என்றார். மன்றத்தின் நிலைப்பாடும் அதுவே.

விவிலிய ஒப்பீட்டு மாலையில் 1952இல் வந்த கடற்பயணக் கதையின் இறுதியை எடுத்துக்கொண்டோம். உலகத்தின் விளிம்புவரை கப்பலில் போன பிள்ளைகள் கரையிறங்கும்போது ஒரு வெண்ணிற ஆட்டுக்குட்டி அவர்களைக் காலையுணவுக்கு அழைக்கிறது. புல்வெளியில் தீ மூட்டி, மீன் சுட்டு வைத்திருக்கிறது. இதை வாசித்து முடிக்குமுன், "இது நம்ம சேசு கரையில மீன் சுட்டு வச்சிருந்த கதைதானே டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டாள். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தை அப்போதே வாசித்தோம். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் படாமல் திரும்பும் களைப்பு, கரையில் கரி நெருப்பு, வலையில் 153 பெரிய மீன்கள், அதன்பின் சீடரான பேதுருவிடம் என்னை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்கப்படும் கேள்வி. இயேசுவை அறியேன் என்று மும்முறை மறுதலித்தவனுக்கு மும்முறை அன்பைச் சொல்ல வாய்ப்பளிக்கும் இக்காட்சி, எட்மண்டோடு அஸ்லான் நடந்த அந்தக் காலைக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை அன்று நாங்கள் சேர்ந்தே கண்டுகொண்டோம். ஆட்டுக்குட்டி கதையில் அஸ்லானாக மாறுகிறது. பிள்ளைகளின் சொந்த உலகத்தில் தமக்கு வேறொரு பெயர் உண்டென்றும், அந்தப் பெயரால் தம்மை அறிந்துகொள்ளவேண்டும் என்றும் சொல்கிறது.

1955இல் வந்த நூலில், நோயுற்ற தாய்க்காக டிகோரி என்னும் சிறுவன் உதவி கேட்டு நிமிரும்போது அஸ்லானின் கண்களில் தன்னுடையதைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகளைக் காண்கிறான். லூயிஸ் தம் ஒன்பதாம் வயதில், 1908இல், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தாய்க்காகக் கனியைத் திருடிப்போகலாம் என்ற சோதனை டிகோரிக்கு வருகிறது; அவன் திருடவில்லை; பின்னர் அது அவனுக்குக் கொடையாகவே கிடைக்கிறது. அன்பின் பெயரால் எதையும் செய்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இதைவிடக் கனிவான மறுப்பை நான் வாசித்ததில்லை.

மழைக்காலத்தில் பிற ஆசிரியர்களைப் பார்த்தோம். ஆண்டர்சனின் பனி அரசி கதையில் (1844), தோழனைத் தேடிப்போகும் கெர்டா என்னும் சிறுமிக்கு அவளிடம் உள்ளதைவிடப் பெரிய ஆற்றலைத் தன்னால் தர இயலாது என்று பின்லாந்துக் கிழவி சொல்கிறாள். தோழனின் நெஞ்சில் தைத்த கண்ணாடிச் சில்லை அவளுடைய கண்ணீரே கரைக்கிறது. ஆஸ்கார் வைல்டின் தன்னல அரக்கன் கதையில் (1888) குழந்தையின் உள்ளங்கைகளில் ஆணித் தழும்புகள் இருப்பதைச் சொன்னபோது கேட்டவர்கள் எவரும் காரணம் கேட்கவில்லை. மாடலின் லெங்கிள் 1962இல் எழுதிய கதையில், மெக் என்னும் சிறுமி தன் தம்பியை அடிமைப்படுத்திய தீய மூளையிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பதை உணர்கிறாள். அந்தத் தீமையை நேசிக்க அவளால் இயலாது, தம்பியை நேசிக்க இயலும். அதனாலேயே அவனை மீட்கிறாள். இருளை எதிர்த்துப் போராடியவர்களின் வரிசையில் இயேசுவோடு புத்தரையும் காந்தியையும் அவர் சேர்த்திருப்பது நம் மன்றத்தில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஹாரி பாட்டர் வரிசையை மூத்த பிள்ளைகள் தாங்களே வாசித்திருந்தார்கள். தாய் தன் உயிரைக் கொடுத்து மகனைக் காத்ததும், கடைசி நூலின் கல்லறைகளில் மத்தேயு நற்செய்தி வரியும் கொரிந்தியர் திருமுக வரியும் பொறிக்கப்பட்டிருப்பதும் பற்றி ஒரு கல்லூரி மாணவி கட்டுரை படித்தார். அதை மன்றத்தின் கையெழுத்து இதழில் சேர்த்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். கடற்பாசி எடுக்கப் போகும் தாய்மார்கள் பகல் அமர்வுகளுக்கு வர இயலவில்லை என்பதால் ஞாயிறு மாலையில் அவர்களுக்கென ஓர் அமர்வு வேண்டும். கொட்டகைக்கு ஒரு நல்ல விளக்கு வேண்டும். நம் பிள்ளைகள் சிலர் இவ்வாண்டு தாங்களே எழுதத் தொடங்கிய மாயக்கதைகளைக் கேட்டுத் திருத்தித் தர மூத்த உறுப்பினர்கள் மாதம் ஒரு மாலை ஒதுக்கவேண்டும். அவற்றில் ஒன்றில் கடற்பசு பேசுகிறது. எழுதியவனுக்கு அதன் முடிவு இன்னும் அமையவில்லை. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்