நீ இல்லாத அந்த ஒன்பது விடியல்கள்

அன்பு மகளே,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பேச்சு வரவில்லை. "என்னை மணிலாவுக்கு அனுப்பிவிட்டு அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எதை அம்மா கொண்டாடினீர்கள்? அன்றைக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லையே" என்றாய். கிறிஸ்துமஸ் ராத்திரி ரியாத்தில் உனக்கு டியூட்டி விழுந்த வருத்தத்தில் கேட்கிறாய் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, பன்னிரண்டு வயதிலிருந்து இதை நீ மனசுக்குள் வைத்திருக்கிறாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

2013 நவம்பர் 8, விடிகாலை 4:40. யோலாண்டா புயல் பிலிப்பைன்ஸில் முதலில் கரையைத் தொட்டது நம் ஊர் கீவானில்தான். அந்தக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கடுத்த நாட்களில் நீ எப்படி இருந்தாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்காது. வாயே திறக்கவில்லை. தார்ப்பாய் கொஞ்சம் படபடத்தால் போதும், பாதித் தூக்கத்தில் எழுந்து உன் பாட்டி லோலாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வாய். விடியும்வரை கண் மூடமாட்டாய். அதனால்தான் சித்தியோடு உன்னை ராணுவ விமானத்தில் ஏற்றினோம். 1945ல் யுத்தத்துக்காக அமெரிக்கர்கள் போட்ட அந்தப் பழைய ஓடுதளத்தில் நானும் உன் அப்பாவும் விமானம் கண்ணுக்கு மறைகிறவரை நின்றோம். வீட்டில் சோறு குறைவு என்று உன்னை அனுப்பவில்லை, மகளே. நீ தூங்கவேண்டும் என்று அனுப்பினோம்.

சரியாக ஒரு மாதம் கழித்து டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள், நம் ஊர் ஃபியஸ்டா. பெரிய கோவிலின் கூரை முழுக்கப் போயிருந்தது. சிப்பியும் பவளமும் பதித்த சுவர்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. செப்டம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பிக்கிற நம் சந்தையில் வாள் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. விழுந்த தென்னையை எல்லாம் பலகையாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். நம் மரங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. நம் கிழக்கு விசயாஸ் பகுதியில் மொத்தம் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் அடிபட்டன என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. புதுக் கன்று காய்க்க ஆறேழு வருஷம், அதற்குள் உன் காலேஜ் வந்துவிடும், இது ஒன்றுதான் உன் அப்பாவின் கணக்கு. "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது" என்று அவர் சொன்னபோது எனக்கும் அது சரி என்றே பட்டது.

லோலாதான் கேட்கவில்லை. டிசம்பர் 16ஆம் தேதி மூன்று மணிக்கே எழுந்து தலை சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நம் பரங்காயில், அதாவது நம் ஊர்ப்பகுதியில், இருக்கிற சேப்பலின் மணி விழுந்துகிடந்ததால், யாரோ காலி கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் தட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் நடக்கிற சிம்பாங் காபி என்ற விடிகாலைப் பூசைக்கு அதுதான் அழைப்பு. போய்ப் பார்த்தால் அங்கேயும் கூரை இல்லை. பீடத்துக்கு மேலே மட்டும் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. மறுநாள் பௌர்ணமி. ஊரில் கரண்ட் கிடையாது, ஆனால் நிலா நேராக உள்ளே இறங்கி எல்லார் முகத்திலும் அடித்தது. அந்த ஒரு மாதத்தில் எங்கள் ஆட்களின் முகத்தை நான் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு மெலிந்துபோயிருந்தார்கள் தெரியுமா!

ஒன்பது பூசையும் விடாமல் பார்த்தால் வேண்டியது நடக்கும் என்பார்களே, நான் எட்டுதான் பார்த்தேன். ஐந்தாம் நாள் நிவாரண அரிசிக்கு விடிகாலையிலேயே வரிசையில் போய் நின்றேன். முந்தின பட்டியலில் நம் பெயர் விட்டுப்போயிருந்தது, இந்தத் தடவை விடக்கூடாது என்ற பயம். வரிசையில் நின்றுகொண்டே, வேண்டுதல் உடைந்துவிட்டதே என்று தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் நின்றவள் அரிசிக்கு அழுகிறேன் என்று நினைத்துத் தன் சீட்டைக் கொடுக்க வந்தாள்.

உன் அப்பா மாறினது தம்பியால்தான். நிவாரணச் சாமான் வந்த பிளாஸ்டிக் பைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பரோல், அதான் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு, செய்து தா என்று பிடிவாதம் பிடித்தான். அவர் மூங்கிலைச் சீவி ஐந்து முனை நட்சத்திரம் கட்டினார். ஆணி வாங்கக் காசில்லை, சிதறிக் கிடந்த தகரத்திலிருந்து பிடுங்கின வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். உள்ளே வைக்க, நிவாரணத்தில் கிடைத்த சூரிய விளக்கு. பகலெல்லாம் அதை வெயிலில் வைத்துவிட்டுத் தம்பி காவல் இருப்பான். மழை நாளில் கொஞ்ச நேரம்தான் எரியும், எரிகிறவரை யாரையும் படுக்கவிடமாட்டான்.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது 24ஆம் தேதி ராத்திரியைத்தான். சூசையும் மாதாவுமாக வேஷம் போட்டவர்கள் வீடு வீடாகப் போய்த் தங்க இடம் கேட்பார்கள், வீட்டுக்காரர்கள் இடமில்லை என்று பாடி அனுப்புவார்கள். நீயும் ஒரு வருஷம் சம்மனசாகப் பின்னால் நடந்தாய், செருப்பு அறுந்து அழுதாய். எப்போதும் இடமில்லை என்று பாடுகிற மூன்று வீடுகளும் அந்த வருஷம் இல்லை. வெறும் தூண்கள்தான். வேண்டாம், இது எல்லாரையும் அழவைக்கும் என்று பலர் சொன்னார்கள். மூன்றாவது வீட்டுக்கார அம்மாள்தான், என் வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஊர்வலம் வந்தபோது தன் வாசல் இருந்த இடத்தில், படி மட்டும் மிஞ்சியிருந்தது, அதன்மேல் ஏறி நின்றாள். இடுப்பில் கை வைத்து, ஒரு வரி விடாமல், "இங்கே இடமில்லை, போங்கள்" என்று பாடினாள். பின்னால் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, இருட்டில் கடல்தான். அவள் அப்படிப் பாடப் பாட அங்கே ஒரு வீடு நிற்கிறது என்று எங்களுக்கே தோன்றிவிட்டது. வீடு இருக்கிறவர்கள்தானே இடமில்லை என்று சொல்ல முடியும்! யாரும் அழவில்லை, மகளே. கைதட்டினோம்.

நள்ளிரவுப் பூசை முடிந்து நோச்சே புவேனா விருந்து. நிவாரண அரிசி, மத்தி டின், நூடுல்ஸ். விழுந்த தேங்காயெல்லாம் அதற்குள் முளைவிட்டிருந்தன. லோலா அவற்றைப் பிளந்து உள்ளே இருந்த தேங்காய்ப்பூவைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள். எங்கேயோ தேடி முளைக்காத காய் ஒன்று கொண்டுவந்து பால் பிழிந்து, மேலும் கீழும் கனல் போட்டு பிபிங்கா என்கிற அரிசி கேக் ஒரே ஒன்று சுட்டாள். பதினோரு பேருக்கு அது. என் துண்டு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், கரிவாசனையோடு இருந்தது. அதைப் போல ஒன்றை நான் பிறகு சாப்பிட்டதே இல்லை. காலையில் பிள்ளைகள் வழக்கம்போல ஞானத்தாய், ஞானத்தகப்பனான நினாங், நினோங் வீடுகளுக்குப் போய்க் கையை நெற்றியில் வைத்து ஆசி வாங்கினார்கள். அகினால்தோ என்கிற கிறிஸ்துமஸ் பணம் கொடுக்கக் காசில்லாமல் ஒருவர் மெழுகுவர்த்தி கொடுத்தார், ஒருவர் ரெண்டு பிஸ்கட்.

இனி அந்த போன் விஷயம். நாங்கள் பண்ணினோம், மகளே. சார்ஜ் போட ஜெனரேட்டர் இருந்த இடத்துக்கு உன் அப்பா நடந்து போனார், நானும் கூடவே போனேன். சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று சித்தியைப் பிடித்தோம். கிறிஸ்துமஸ் அன்று மதியம் அது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "வெளியே காற்று பலமாக அடிக்கிறது அக்கா, ஜன்னல் கதவெல்லாம் ஆடுகிறது. அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பட்டுமா?" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். எழுந்ததும் உன்னிடம் சொல் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை, அதற்குள் லைன் போய்விட்டது. எட்டு விடியலும் நான் வேண்டிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

அந்த பரோலின் மூங்கில் எலும்பு இன்னும் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. தம்பி இந்த வருஷம் அதற்குப் புதுக் காகிதம் ஒட்டுகிறான்.

டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் கூப்பிடு. இங்கே எத்தனை மணி ஆனாலும் சரி, நான் விழித்திருப்பேன்.

உன் அம்மா, உன் நானாய்