ஓட்டல் உரிமையாளர்களே, கிரீஸ் ட்ராப்பைத் திறந்து பாருங்கள்

சென்னையில் ஓட்டல், மெஸ், பிரியாணிக் கடை, கேட்டரிங் சமையற்கூடம் நடத்துகிற உரிமையாளர்களுக்கும் உங்கள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஓட்டல் அடுப்படிகளில் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். கிரீஸ் ட்ராப் பற்றித்தான் எழுதுகிறேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் வருகிற எண்ணெயையும் கொழுப்பையும் சாக்கடைக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கிற பெட்டி அது. அது இல்லாத கடைகளைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். என் கவலை, அதை வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோன கடைகளைப் பற்றியது. ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் காட்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் திறப்பது யார் வேலை, எப்போது திறப்பது, உள்ளே இருப்பதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டால், கல்லாவில் இருப்பவர் மாஸ்டரைப் பார்க்கிறார், மாஸ்டர் பாத்திரம் கழுவுகிற அம்மாவைப் பார்க்கிறார்.

ஒரு கடையில் கண்டதைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். நடுத்தர ஓட்டல், நல்ல வியாபாரம். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டீல் பெட்டி, அதன் மூடிமேல் வெங்காய மூட்டை. மூட்டையை நகர்த்தி, துருப்பிடித்த கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தோம். மேலே மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு பாளம். கரண்டிக் காம்பால் குத்தினால் இறங்கவில்லை. அதில் கறிவேப்பிலை, கடுகு, பாதி ஸ்க்ரப்பர், ஒரு டீ வடிகட்டி. உள்ளே இருக்க வேண்டிய தடுப்புத் தகட்டைக் காணோம். "தண்ணி மெதுவா போகுதுன்னு எப்பவோ கழட்டிட்டாங்க" என்றார் அந்த அம்மா. தகடு பின்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றது, அதன்மேல் மேசை துடைக்கிற துணி காய்ந்துகொண்டிருந்தது.

தண்ணீரை மெதுவாக்குவதற்குத்தான் அந்தத் தகடே. பாத்திரம் கழுவிய தண்ணீர் வேகமாக உள்ளே வந்து விழும். தகடு அந்த வேகத்தை அடக்கினால்தான் எண்ணெய் மேலே எழும்பும், சோறும் மண்டியும் கீழே படியும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் வெளியேறும். வெளியே போகிற குழாயின் வாய் தண்ணீருக்குள் கீழ்நோக்கி இறங்கியிருப்பதும் அதற்காகத்தான். தகட்டைக் கழற்றினாலோ, அந்த வளைவுக் குழாயைப் பிடுங்கினாலோ மிஞ்சுவது வெறும் டப்பா. இந்த இரண்டும் நிறைய இடங்களில் நடக்கிறது. செய்கிறவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மத்தியானக் கூட்டத்தில் தண்ணீர் தரையில் வழிந்தால் திட்டு வாங்குவது அவர்கள்தானே.

ஏன் வழிகிறது? பெட்டி சின்னது, அதுவும் பாதி அடைந்து கிடக்கிறது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழமுள்ள கழுவுதொட்டியை முக்கால் அளவு நிரப்பினால் ஏறக்குறைய 60 லிட்டர் பிடிக்கும். இரண்டு தொட்டிகளின் அடைப்பானையும் ஒரே நேரத்தில் உருவினால் 120 லிட்டர் தண்ணீர் சுமார் இரண்டு நிமிடத்தில் இறங்கும். அதாவது நிமிடத்துக்கு 60 லிட்டர். கீழே இருப்பது 40 லிட்டர்ப் பெட்டி என்றால் தண்ணீர் அதில் தங்குவது 40 விநாடி. பாதி இடத்தைப் பழைய கொழுப்பு பிடித்துக்கொண்டிருந்தால் 20 விநாடி. சோப்பில் கலந்த சூடான எண்ணெய் அதற்குள் பிரிந்து மேலே வந்துவிடுமா?

புதிதாகக் கடை கட்டுகிறவர்கள் வெளியே தரைக்கடியில் பெரிய தொட்டி கட்டிக்கொண்டால் நிம்மதி. நெரிசல் நேரத்துத் தண்ணீர் அரை மணி நேரமாவது தங்குகிற மாதிரி அளவு போடுவது வழக்கம். மேலே சொன்ன கணக்குக்கு அது 1800 லிட்டர். அவ்வளவு இடம் எல்லாருக்கும் கிடையாது, தெரியும். வாடகைக் கடையில் சின்னப் பெட்டியோடுதான் காலம் தள்ள வேண்டும். சரி, ஆனால் சின்னப் பெட்டி என்றால் தினமும் ராத்திரி திறந்தாக வேண்டும். கழிப்பறைக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் அதில் சேர்க்காதீர்கள். அழகுக்காக மூடிமேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

"அடைப்பெல்லாம் குளிர் நாட்டுச் சமாசாரம், நம்ம வெயிலுக்கு எண்ணெய் எங்கே உறையப்போகிறது" என்று ஒரு முதலாளி சொன்னார். லண்டனில் 2017-இல் வைட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் கொழுப்பு இறுகிக் கிடந்தது நிஜம்தான். ஆனால் பரோட்டாவுக்கு ஊற்றுகிற வனஸ்பதி உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்தால்தான் முழுசாக உருகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைகிறது. உறையாத எண்ணெயும் தப்பிப்பதில்லை. சாக்கடையில் சிதைந்து கொழுப்பு அமிலமாகி, கான்கிரீட்டிலிருந்து வருகிற கால்சியத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகக் கெட்டிப்படுகிறது. எந்த வெயிலும் அதை இளக்காது.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது தெரியுமா? 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, பொதுச் சாக்கடையில் விடுகிற கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். குருமா வைத்த அண்டாவை வழிக்காமல் குழாயடியில் போட்டாலே அந்த அளவு தாண்டிவிடும்.

அதனால் பெட்டிக்கு முன்னாடியே வேலை ஆரம்பிக்கிறது. அண்டாவையும் தவாவையும் தண்ணீர் படுவதற்கு முன் ரப்பர் வழிப்பானால் வழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டு, பழைய பேப்பரால் ஒரு துடை துடைத்தால் பெட்டிக்குப் பாதிப் பாரம் குறையும். தொட்டியின் ஓட்டையில் சல்லடை இருக்கட்டும், சோறும் தேங்காய்த் துருவலும் அதில் நிற்கும். வடைச் சட்டியின் பழைய எண்ணெய் கழுவுதொட்டிப் பக்கமே போகக் கூடாது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற எண்ணெய் செலவழிக்கிற கடை, அந்த எண்ணெய்க்குக் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் விதியே இருக்கிறது. 2018-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அது பயோடீசலுக்குப் போகிறது, உங்களுக்குக் காசும் வருகிறது. ட்ராப்பில் வழித்த கொழுப்பு வேறு, அதை இந்த எண்ணெயோடு கலந்துவிடாதீர்கள்.

திறக்கிற நேரத்தைத் தெரிந்துகொள்ள ஒரு குச்சி போதும். மேலே மிதக்கிற கொழுப்பின் கனமும் கீழே படிந்த மண்டியின் கனமும் சேர்ந்து மொத்த ஆழத்தில் கால் பங்கு வந்துவிட்டால் காலி செய்ய வேண்டும். 80 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் மேலே 12, கீழே 8 என்றால் அன்றைக்கே. காலி செய்வது என்றால் மேலே வழிப்பது மட்டும் இல்லை. அடி மண்டியையும் எடுத்து, சுவரையும் தகட்டையும் சுரண்டி, தகட்டை அதன் இடத்தில் திரும்ப மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். காலிப் பெட்டியை அப்படியே விட்டால் முதலில் வருகிற எண்ணெய் நேராக வெளியே போய்விடும்.

பலர் செய்வது வேறு. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மேலே சோப்புத் தூளோ ஆசிடோ போட்டு, "சுத்தமாயிடுச்சு" என்கிறார்கள். கொழுப்பு இளகித் தெருக் குழாய்க்குள் போய், ஆறினதும் அங்கே உறைகிறது. உங்கள் பெட்டியில் இருந்தது ஊர்க் குழாய்க்குப் போனது, அவ்வளவுதான். கொழுப்பைக் கரைக்கும் என்று பாட்டிலில் விற்கிற என்சைம்களிலும் சில இதே வேலையைத்தான் செய்கின்றன. "ஊற்றினால் போதும், திறக்கவே வேண்டாம்" என்று விற்க வருகிறவரை நம்பாதீர்கள்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஒழுங்காக வழித்து எடுக்கிற கடைகளிலும் அதை எங்கே போடுகிறார்கள்? கடை மூடினதும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு மேன்ஹோலில் கவிழ்க்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்த ட்ராப்?

அங்கே அடைத்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அடைப்பை எடுக்கிற குடிநீர் வாரியத்தின் ஜெட் ராடிங் லாரி வர வேண்டும். வர நேரமாகும். வாசலில் கழிவுநீர் நிற்கிறது, சாப்பிட வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், உடனே தெரிந்த யாரையாவது கூப்பிட்டுக் கையில் காசைத் திணித்து இறங்கச் சொல்லும் பழக்கம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. அடைப்புக்குப் பின்னால் தேங்கி அழுகுகிற கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து அந்த நாற்றமும் தெரியாது. உள்ளே இருப்பவர் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிற நேரம் அதுதான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாரியமோ ஒப்பந்தக்காரரோ மட்டும் இல்லை, நேராகவோ மறைமுகமாகவோ வேலைக்கு அமர்த்துகிற யாரும் அதில் வருவார்கள். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. சிறையையும் அபராதத்தையும் ஒதுக்கிவிட்டே கேட்கிறேன். உங்கள் கடைக் குருமாவின் கொழுப்பை எடுக்க ஒருவர் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்?

தனியாக ஒரு சின்னக் கடையால் இதைச் சரிசெய்ய முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. நாற்பது லிட்டர் மண்டிக்காகக் கழிவு லாரி வராது, வந்தாலும் கட்டுப்படியாகாது. அதனால்தான் சங்கத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு தெருவிலோ இரண்டு தெருவிலோ இருக்கிற கடைகளைச் சேர்த்து, உரிமம் உள்ள ஒரு லாரியோடு ஒப்பந்தம் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத நேரத்தில் வரட்டும். அதுவரை ஒவ்வொரு கடையும் வழித்ததை மூடி போட்ட டிரம்மில் வைத்திருக்கலாம். லாரிக்காரர் எங்கே இறக்கினார் என்பதற்குச் சீட்டு வாங்குங்கள். சீட்டு தராதவர் எங்கே இறக்குகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் பில், சம்பளம் மாதிரி இதையும் மாதக் கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள். பெட்டியைத் திறக்கிறவருக்குக் கையுறையும், அந்த வேலைக்கென்று தனி நேரமும், கொஞ்சம் கூடுதல் காசும் கொடுங்கள். பதினொரு மணிவரை அண்டா கழுவிவிட்டுக் களைத்து நிற்கிறவரிடம் சும்மா செய்யச் சொன்னால் வாளி மேன்ஹோலுக்குத்தான் போகும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் மழைத் தண்ணீரும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும், பாதி அடைந்த குழாய் அப்போதுதான் தெருவில் பொங்கும். அதற்கு முன்னால் நடக்கிற சங்கக் கூட்டத்தில் இதைப் பேச ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கடையில் எவ்வளவு பெரிய பெட்டி, தகடு உள்ளே இருக்கிறதா, வாரம் எத்தனை லிட்டர் சேரும் என்று கணக்கெடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம். மத்தியானம் மூன்றரை மணிக்கு மேல், டிபன் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் என்றால் எல்லாருக்கும் வசதி. வருவதற்கு முன் மூடிமேல் இருக்கிற மூட்டையை மட்டும் நகர்த்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டல் குழாய் வேலை ஒப்பந்தக்காரர் ஒருவர்,
சென்னை