கிண்டிக்காரியின் முதுகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு அறுவை முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. எனக்கு வழக்கம்போலச் சர்க்கரை, வழக்கம்போல அதைச் சட்டை செய்யாத நாக்கு. சின்னவள் வேலை மாறிப் பெங்களூர் போய்விட்டாள். பொழுது போவது பக்கத்துத் தோட்டத்துக் குதிரையோடுதான்.

அவளைப் பற்றி விசாரித்திருந்தாயே, சொல்கிறேன். கிண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தோரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற சாதி. 16 ஹேண்ட், அதாவது 64 அங்குலம். அந்த உயரத்தை அளக்கிற விதர்ஸ், அதாவது கழுத்து முதுகோடு சேரும் மேடு, இவளுக்குக் கூரை முகடு மாதிரி நிற்கிறது. பந்தயத்தை விட்டபின் சதை வற்றி, தோள் எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குழி. நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டல். சிப்பிப்பாறை நாயைப் பெரிதாக்கினால் எப்படியோ, அப்படி.

தோட்டத்துக்காரர் மகள்தான் ஏறுகிறாள். பத்து நிமிடத்தில் சேணம் நாலு விரல் பின்னால் நகர்ந்துவிடும். உடனே என்ன செய்வார்கள்? வயிற்றுப் பட்டையை ஒரு துளை இறுக்குவார்கள். மறுநாள் இன்னொரு துளை. நான் போய்ப் பார்த்தபோது, பட்டையைக் கையில் எடுத்தாலே அவள் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள். ஒட்டின வயிறு பின்னால் போகப்போகக் குறுகுகிறது. பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது குறுகின இடத்தைத் தேடித்தானே போகும்? சேணமும் கூடவே போகிறது.

போதாக்குறைக்கு, சேணத்தைத் தோள் எலும்பின் மேலேயே ஏற்றி வைத்திருந்தார்கள். முன்னங்கால் நீளும்போதெல்லாம் அந்த எலும்பின் மேல்முனை பின்னால் சுழன்று சேணத்தை ஒரு தள்ளுத் தள்ளும். விற்ற கடைக்காரர் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் என்று சொன்னாராம். செருப்புக்கடைக்காரர்கூட அப்படிச் சொல்லமாட்டார். இவளுக்கு அந்தச் சேணத்தின் முன்வளைவு அகலம். பெண் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் இறங்கி, மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. இரண்டு மூன்று விரலாவது நுழைய வேண்டாமா? கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் நாம் இருவரும் சேர்ந்து கழுவினோமே, சீழ் எலும்புவரை போயிருந்த ஒரு விதர்ஸ் புண். அந்த நாற்றம் அப்படியே மூக்கில் வந்து நின்றது.

அப்போதுதான் வேப்பேரிக் கல்லூரி ஞாபகம் வந்தது. என்.சி.சி.யில் நமக்குக் குதிரையேற்றம் சொல்லித்தந்த ஹவில்தார் சேணத்தைவிடக் கம்பளிக்குத்தானே அதிக நேரம் செலவழிப்பார்? 1912 மாதிரிப் பட்டாளத்துச் சேணத்தில் எஃகு வளைவும் இரண்டு மரப்பலகையும்தான், பஞ்சு அடைத்த மெத்தை கிடையாது. அடியில் மடித்துப் போடும் கம்பளிதான் மெத்தை. குதிரை இளைத்தால் மடிப்பை மாற்று, தேறினால் மறுபடி மாற்று. நாம் அதைத் தண்டனை என்று நினைத்தோம்.

அதையே இங்கே செய்தேன். மேட்டுக்கு வழிவிட்டு முன்பக்கம் வெட்டிவிட்ட மாதிரியில், வளைவு குறுகலான பழைய சேணம் ஒன்று கிடைத்தது. குழி இருக்கிற இடத்துக்கு மட்டும் நம்தா, அதாவது அழுத்தின கம்பளி, துண்டு வெட்டி வைத்தேன். (நம்தா என்கிற சொல்தான் ஆங்கிலேயன் வாயில் நம்னா ஆனது. நம்மிடமே அதைத் திருப்பி விற்கிறார்கள்.) விரிப்பை மேட்டின் மேல் இழுத்துக் கட்டாமல் வளைவுக்குள் தூக்கிவிட்டேன். சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, மயிர் படியும் திசையில் பின்னால் வழுக்கிவிட்டால் தோளைத் தாண்டித் தானாக ஓரிடத்தில் நிற்கும். அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். ஏற்றமான பாதையில் போகும் நாளில் மட்டும் மார்புப் பட்டை. அதை நம்பி மற்றதை விட்டால், வழுக்கல் நின்று நெஞ்சில் உராய்வு வரும்.

பின்னால் நகர்வது நின்றது. ஆனால் சேணம் வலப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. முதலில் பெண்ணைத்தான் குறை சொன்னேன், பாவம். வேறு ஆளை ஏற்றினோம், அப்போதும் வலதுதான். அதே சேணத்தை இன்னொரு குதிரையில் கட்டினோம், அசையவே இல்லை. இங்கிலாந்தில் குதிரை மருத்துவர்கள் சூ டைசனும் லைன் கிரேவும் 2013-இல் எழுதியது அப்புறம்தான் உறைத்தது: சேணம் விடாமல் ஒரு பக்கமாகச் சரிந்தால் பின்னங்காலைப் பார். வலது பின்னங்காலில் நொண்டல், கண்ணுக்குத் தெரியாத அளவில். நரம்புக்கு மரப்பு ஊசி போட்டு ஏற்றிப் பார்த்தோம். சேணம் நேராக நின்றது! நாற்பது வருடம் தொழில் பார்த்தவன், சிறுபிள்ளை மாதிரிக் கைதட்டினேன். காலின் பின்புறம் கணுவைத் தாங்கும் நாரான சஸ்பென்சரி லிகமென்ட்டின் மேல்முனையில் பழைய காயம், பந்தயக் காலத்துச் சீதனம்.

சவாரியை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. கையில் பிடித்து நடை மட்டும். சமதரையில் தொடங்கி, இப்போது மெதுவாக ஏற்றத்திலும் நடத்துகிறோம். முதுகும் கொஞ்சம் நிரம்புகிறது. போன மாதம் வெட்டிய நம்தா இந்த மாதம் அவளுக்குத் தேவைக்கு மேல் தடிமன்; சும்மா வைத்துப் பார்த்தாலே தெரிகிறது. வாராவாரம் மறுபடி வெட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, நல்ல கம்பளியும் கடையில் கிடைக்கவில்லை.

விடுதியைக் காலி செய்தபோது நீ ஒரு பட்டாளத்துக் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு போனாயே, இன்னும் இருக்கிறதா? பூச்சி அரிக்காமல் இருந்தால், தை பிறந்து இங்கே வரும்போது எடுத்து வா. மடிப்பு வரிசை எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, மீதி உனக்கு இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்