நைரோபியில் விட்ட சொல்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமநாதனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. விசாலாட்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. சோம்பல் என்று நினைத்திருப்பாய். உண்மையில் நான்கைந்து முறை எழுத உட்கார்ந்து, இரண்டு பத்திக்கு மேல் நகராமல் எழுந்துவிட்டேன். கயல் வங்கி வேலையை உதறிவிட்டு, மேடையில் நகைச்சுவை பேசுகிறேன் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நீ சொன்னால் கேட்பாள், புத்தி சொல் என்று எழுதியிருந்தாய். பார்க்காத ஒன்றைப் பற்றி எந்தப் புத்தியைச் சொல்வது? ஆகையால் போன மாதம் சென்னைக்குப் போனபோது அவளிடம் சொல்லாமல் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

உன் மகளுக்குத் திறமை இருக்கிறது, ராமநாதா. நீ ரயிலில் ஏறியதும் தூக்குச்சட்டியைத் திறந்து, எதிர்சீட்டுக்காரரிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதை அவள் நடித்துக் காட்டினாள். தொண்டையைச் செருமிய விதத்தில் நீயே வந்து நின்றாய். நாற்பது ஆண்டுகளாக அந்தச் செருமலைக் கேட்டவன் நான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஆனால் நடுவில் ஒரு பத்து நிமிடம் அவள் அவளாக இல்லை. பிரபலமான ஒருவரின் நடையையும் இழுப்பையும் கடன் வாங்கிக்கொண்டு பேசினாள். அதன் முடிவில், பெண் பார்க்க வந்த கறுத்த மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சிரிப்பு சொன்னாள். அன்று இரவு அரங்கம் மிக அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறைக்குத் திரும்பிய பிறகு உறக்கமும் வரவில்லை. கறுப்பின மேடை நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் நினைவாகவே இருந்தது. ஆம், 'உன் அமெரிக்கக்காரர்' என்று நீ கேலி செய்வாயே, அவரேதான். இந்த முறையாவது முழுவதும் கேள்.

அவர் 1940 டிசம்பர் 1 அன்று இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரத்தில் பிறந்தார். பாட்டி விபசார விடுதி நடத்தியவர். பிரையரின் தாய் அங்கேயே தொழில் செய்தவர். மகனுக்குப் பத்து வயதானபோது அவர் விட்டுப் போய்விட, பாட்டிதான் வளர்த்தார். பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் ஜூலியட் விட்டேக்கர் என்ற பெண்மணி. ஊரின் சமூகக் கூடத்தில் சிறுவர் நாடகங்கள் போட்டுவந்த அவர் இவனையும் மேடையில் ஏற்றினார். பிற்காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை எழுதியதற்காகப் பிரையருக்கு எம்மி விருது கிடைத்தபோது, அதைக் கொண்டுபோய் அந்த அம்மையாரிடமே கொடுத்துவிட்டார். நம் நாடகக் குழுவை உருட்டி மிரட்டி வளர்த்த வாத்தியாருக்கு நாம் ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை என்பது, இதை முதன்முதலாகப் படித்த அன்றே எனக்கு உறைத்தது.

1963-இல் நியூயார்க் வந்தார். அப்போது கறுப்பின நகைச்சுவையாளர்களில் பில் காஸ்பிதான் பெரிய பெயர். யாரையும் புண்படுத்தாத, கோட்டும் டையும் அணிந்த, வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடத்தில் உட்கார்ந்து ரசிக்கக்கூடிய நகைச்சுவை அது. பிரையரும் அதே அச்சில் தன்னை வார்த்துக்கொண்டார். பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அழைத்தன, பணம் வந்தது. 1967-இல் லாஸ் வேகஸில் அலாதீன் ஹோட்டல் மேடையில் ஏறி, முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்த பணக்கார முகங்களைப் பார்த்தவர், நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உரக்கக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். கயலுக்கு நான் சொல்ல விரும்பிய முதல் விஷயம் இது. இறங்கிப் போ என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஒருநாள் அவளுக்கும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதன் பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் கொஞ்ச காலம் இருந்தார். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைப் படித்தார். கறுப்பின எழுத்தாளர்களோடும் போராளிகளோடும் பழகினார். திரும்பி வந்தபோது அவர் நாவில் பியோரியா இருந்தது. மூலைக்கடைக் குடிகாரர், ஊசி போட்டுக்கொண்டு தள்ளாடும் இளைஞன், பிரசங்கி, தெருப்பெண்கள், மட்போன் என்ற பெயரில் கதை அளக்கும் மிசிசிப்பிக் கிழவர் என்று, தான் வளர்ந்த வீட்டிலும் தெருவிலும் கேட்ட குரல்கள் அனைத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர்களைக் கேலிப்பொருளாக நிறுத்தவில்லை. குடிகாரர் பேசும்போது சிரிப்போம். அடுத்த கணம் அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்று தொண்டை அடைக்கும். நம் கூத்தில் கட்டியங்காரன் ஒரு நொடியில் ஊர்க்காரனாகவும் மறுநொடியில் ராஜாவையே அதட்டுபவனாகவும் மாறுவதைப் பார்த்திருக்கிறாயே, அந்த வேகம் அவரிடமும் உண்டு.

1978 டிசம்பரில் லாங் பீச் அரங்கில் பதிவு செய்யப்பட்டு மறு ஆண்டு வெளியான அவருடைய மேடைப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதற்கு ஓர் ஆண்டு முன்புதான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. அதை அப்படியே நடித்துக் காட்டுகிறார். தன் கைமுட்டியை நெஞ்சில் வைத்துத் திருகித் தரையில் விழுகிறார். இதயமே அவரோடு பேசுகிறது. இப்போது சாவைப் பற்றி நினைக்கிறாயே, பன்றிக்கறியை அள்ளித் தின்றபோது நினைத்தாயா என்று மிரட்டுகிறது. ஒரே உடல், ஒரு மைக், அவ்வளவுதான். அது அந்த நேரத்தில் தானாக வந்த பேச்சு என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் காமெடி ஸ்டோர் என்ற சிறிய அரங்கில் இரவுதோறும் ஏறி, சிரிப்பு வராத வரிகளை வெட்டி, வந்தவற்றைத் தீட்டிச் சேர்த்தது அது. மேடையில் ஏறிப் பேசுவது ஒரு வேலையா என்று நீ கேட்டிருந்தாய். இதுதான் அந்த வேலை.

இனி சினிமாவுக்கு வருகிறேன். கயலுக்கு ஒரு படத்தில் சிறிய வேடம் கிடைத்திருப்பதை உன்னிடம் சொல்லிவிட்டாளா, இல்லையா? சொல்லவில்லை என்றால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. பிரையர் 1972-இல் பாடகி டயானா ராஸுடன் பியானோக்காரராக நடித்தபோதே ஊர் கவனித்தது. 1974-இல் மெல் புரூக்ஸின் கௌபாய்ப் படத்தை எழுதியவர்களில் இவரும் ஒருவர், நாயகனாகவும் இவரையே போட இயக்குநர் விரும்பினார், படநிறுவனம் சம்மதிக்கவில்லை. 1976 முதல் ஜீன் வைல்டரோடு நான்கு படங்களில் நடித்தார். அவற்றில் 1980-இல் வந்த சிறைச்சாலைப் படம் பத்து கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது 1978-இல் வந்த 'புளூ காலர்'. கார்த் தொழிற்சாலைத் தொழிலாளிகள் மூவர் தங்கள் சங்கத்தின் பெட்டகத்தையே திருடப்போகும் கதை. சிரிக்கவைப்பவர் என்று நாம் அறிந்த முகத்தில் கடனும் பயமும் வந்து உட்கார்வதை அதில் பார்க்கலாம்.

பிறகு வந்தது பணம். 1983-இல் சூப்பர்மேன் மூன்றாம் படத்துக்கு 40 லட்சம் டாலர் சம்பளம். பறக்கும் நாயகனாக நடித்தவருக்குக்கூட அவ்வளவு இல்லை. அதே ஆண்டில் கொலம்பியா நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 1985-இல் அவர் நடித்த ஒரு படத்தின் கதை உனக்கு மனப்பாடம்: 30 நாளில் 3 கோடி டாலரைச் செலவழித்துத் தீர்த்தால் 30 கோடி சொத்து கிடைக்கும். 'அருணாசலம்' பார்த்துவிட்டுத் தியேட்டர் வாசலில் நீயும் நானும் அந்த முப்பது நாள் கணக்கைப் போட்டுப் பார்த்து, கடைசிப் பேருந்தை விட்டோமே, அதே பழைய அமெரிக்க நாவல்தான் இரண்டுக்கும் வேர். பிரையர் அதில் நன்றாகத்தான் செய்தார். ஆனால் பியோரியா அங்கே இல்லை. மேடையில் நாற்பது பேராக மாறியவரிடம் சினிமா ஒரே ஒரு மிரண்ட முகத்தை வாங்கிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டது. இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொல்கிறேன். கயல் சினிமாவுக்குப் போகட்டும். மேடையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

போதை அவரைத் தின்றது. 1980 ஜூனில் அந்த நிலையில் தீக்காயம் பட்டு, உடலில் ஏறக்குறையப் பாதி வெந்து, ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்து வந்து 1982 மேடைப் படத்தில் அதையும் பேசினார். அதே படத்தில்தான் நான் உனக்குச் சொல்லவேண்டிய செய்தி இருக்கிறது.

கறுப்பின மக்களை இழிவுபடுத்தத் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் வீசிய அந்த வசைச்சொல்லைப் பிரையர் மேடையில் ஓயாமல் சொல்லிவந்தார். நாமே எடுத்துச் சொன்னால் அதன் முள் மழுங்கிவிடும் என்பது அவர் எண்ணம். 1974-இல் வெளியாகி, கிராமி விருது வாங்கித் தந்த நகைச்சுவை இசைத்தட்டின் தலைப்பிலேயே அது இருந்தது. 1979-இல் கென்யாவுக்குப் போனார். நைரோபியில் ஒரு ஹோட்டல் கூடத்தில் உட்கார்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குள் ஒரு குரல் கேட்டதாம்: சுற்றிப் பார், அந்தச் சொல்லுக்கு உரிய ஒருவராவது இங்கே இருக்கிறாரா? இல்லை என்று தெரிந்தது. மூன்று வாரமாக அந்தச் சொல் தன் வாயில் வரவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது வெறும் இழிவை விவரிக்கும் சொல் என்று உணர்ந்து, இனி எந்தக் கறுப்பினத்தவரையும் அப்படி அழைப்பதில்லை என்று முடிவு செய்தார். யோசித்துப் பார். அவருக்குப் புகழும் விருதும் கொடுத்த சொல் அது. கைதட்டலுக்கு உத்தரவாதமான சொல். அதைக் கீழே வைத்தார். தான் ஏன் வைத்தேன் என்பதையும் அதே மேடையில் ஏறிச் சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கயலைப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, அந்த மாப்பிள்ளைச் சிரிப்பு மட்டும் வேண்டாமே அம்மா என்றேன். அவள் முகம் சுருங்கியது. "அது அப்பா சொன்னது மாமா, நீங்களும் அப்பாவும் காலேஜ் நாடகத்தில் எழுதியதாமே" என்றாள்.

அவள் சொன்ன வரி, 'விளக்கைப் போடுங்கள், மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று பார்க்கவேண்டும்' என்பது. மாப்பிள்ளை என்ற இடத்தில் மாரி என்று வைத்துப் பார், ராமநாதா. விடுதித் திண்ணையில் உட்கார்ந்து நீ பாதி சொல்ல, நான் மீதியை முடித்தேன். நம் நாடகத்தில் அரக்கன் வேடமா, மாரி. திருடன் வேடமா, மாரி. அந்த வரி மேடையைத் தாண்டி விடுதிக்கு வந்து, மூன்று ஆண்டுகள் அவனைத் துரத்தியது. எல்லோரையும்விட அவன்தான் பலமாகச் சிரித்தான் என்று நாம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் ஆண்டில் ஒத்திகைக்கு வராமல் நின்றபோது தலைக்கனம் என்றோம். நம் எல்லோரிலும் நன்றாக நடித்தவன் அவன்தான். வாத்தியார் அதைச் சொன்னபோது நாம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் இருக்கும்.

பிரையருக்கு 1986-இல் நரம்புச் சிதைவு நோய் கண்டது. சிறிது சிறிதாகக் கையும் காலும் குரலும் போயின. நடக்க முடியாத நிலையிலும் சிலகாலம் நாற்காலியில் உட்கார்ந்தபடி காமெடி ஸ்டோரில் பேசினார். 1998-இல் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசை முதன்முதலாக அவருக்குத்தான் கொடுத்தார்கள். 2005 டிசம்பர் 10 அன்று, 65 வயதில், காலமானார். பியோரியாவில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது.

கயலை நீ தடுக்காதே. அவள் அந்த வரியை எடுத்துவிடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று உன்னிடம் கேட்பாள். அப்போது மாரியின் பெயரை மறைக்காமல் சொல். நானும் அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட நினைக்கிறேன். திருச்சிப் பக்கம் எங்கோ மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். அவன் தம்பியோடு உனக்குப் பழக்கம் உண்டே. முகவரியைக் கேட்டு வாங்கி அனுப்பு. தைப் பொங்கலுக்கு முன்பே போகலாம் என்றிருக்கிறேன். நீயும் வருவதானால் திருச்சி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்